வெளுத்த மோதிரம்

மலிகாவின் கல்யாண மோதிரம் வெளுத்துவிட்டது.

முதலில் ஒரு பக்கம் மட்டும் ஈயம் பூசியதுபோல் தெரிந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். பத்து நாளில் வளையம் முழுக்க வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. இரண்டு கிராம் மோதிரம். ஏர்வாடிக் கடைத்தெருவில் வேல்சாமி ஆசாரியிடம் அவள் மாமனார் வாங்கியது. சண்டைக்கென்றே அவள் கிளம்பிப் போனாள்.

"ஆசாரியாரே, தங்கம்னு சொல்லி எங்க மாமாகிட்ட என்னத்தைக் குடுத்தீங்க?"

வேல்சாமி நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"மொதல்ல குடையை மடக்கு தாயி. கடைக்குள்ள வெயிலா அடிக்குது?"

மலிகா குடையை மடக்கினாள். மோதிரத்தைக் கழற்றி மரப்பலகையில் வைத்தாள். அவர் எடுத்தார், திருப்பினார், நகத்தால் சுரண்டினார். அவர் முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"பத்துப் பதினஞ்சு நாளா."

"வாசப்படிக்குப் போ. வெளிய நில்லு. மூச்சை இழுக்காத."

அவர் மோதிரத்தைக் குமுட்டிக் கரியில் வைத்து, ஊதுகுழலால் இரண்டு முறை ஊதிவிட்டு, வாயையும் மூக்கையும் துண்டால் பொத்திக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே வாசலுக்கு ஓடிவந்தார். கச்சான் காற்று மணலை வாரித் தெருவில் இறைத்துக்கொண்டிருந்தது. புகை போகட்டும் என்று அவர் காத்திருந்தார். உள்ளே போய் இடுக்கியால் எடுத்தார். மோதிரம் மஞ்சளாக இருந்தது.

"பாத்துக்க. தங்கம் தங்கமாத்தான் இருக்கு. மேல ஒட்டுனது பாதரசம். எதுல கையை வச்ச?"

"எதுலயும் வைக்கலியே."

"காய்ச்சல் பாக்குற கண்ணாடிக் குச்சி எதும் ஒடஞ்சுச்சா வீட்டுல?"

"எங்க வீட்டுல அதெல்லாம் ஏது?"

"தங்கம் அதைக் கண்டா விடாது தாயி, உறிஞ்சிரும். நம்ம உடம்பும் அப்படித்தான். எங்க அய்யா அதுல முலாம் வேலை பாத்தாரு. பல்லெல்லாம் ஆடி விழுந்து, சோத்தை அள்ளி வாய்க்குக் கொண்டுபோக முடியாம கை நடுங்கித்தான் செத்தாரு. அதான் கேக்குறேன். கைக்கு, மூஞ்சிக்கு எதும் பூசுறியா? வெளிநாட்டுச் சாமான் எதும்?"

"ஒண்ணுமில்ல."

அவள் கை அவளுக்குத் தெரியாமலே துப்பட்டிக்குள் போயிற்று.

"நாஞ் சொன்னதுக்காக மொறைக்காத. இந்தா, மோதிரத்தைப் போட்டுக்க."

அவள் போட்டுக்கொள்ளவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். குடையை விரிக்க மறந்துவிட்டாள்.

அந்தக் கிரீமை அவள் தன் முகத்தில் பூசவில்லை. பிள்ளைக்குப் பூசிக்கொண்டிருந்தாள்.

*

காலிதாவுக்கு ஒன்பது மாதம். அவள் வாப்பா பாக்கர் தம்மாமில் ஏசி மெக்கானிக். மலிகா மூன்று மாதக் கர்ப்பமாக இருக்கும்போது விமானம் ஏறியவன் பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை.

பிறந்த பிள்ளையின் நிறத்தை அந்தப் பக்கத்தில் முகத்தில் பார்க்க மாட்டார்கள். பிறந்த அன்றைக்கு எல்லாப் பிள்ளையும் சிவப்புதான். காது மடலை மடக்கி அதன் மேல்விளிம்பில் பார்ப்பார்கள். அங்கே இருக்கிற நிறம்தான் மூன்று மாதத்தில் உடம்பெல்லாம் இறங்கும். ஆஸ்பத்திரியில் காலிதாவின் காதை மடக்கிப் பார்த்தவள் பாக்கரின் அக்காள் குல்சும். பார்த்துவிட்டுத் துணியை இழுத்து மூடினாள்.

"என்ன மதினி?" என்று மலிகா கட்டிலில் கிடந்தபடியே கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. என்னை மாதிரி."

குல்சுமுக்கு முப்பத்தாறு வயது. அவளைப் பெண் பார்க்க ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் பலகாரம் சாப்பிட்டார்கள். ஏழு பேரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். ஏழாவது ஆளின் உம்மா மட்டும் வாசலிலேயே, "புள்ள நல்ல புள்ளதான், வெளக்கு வச்சுல்ல தேடணும்" என்று கூட வந்தவளிடம் சொன்னாள். அது உள்ளே கேட்டது. அதற்குப் பிறகு குல்சும் யார் முன்னாலும் வந்து நிற்கவில்லை. பனையோலையைக் கிழித்துச் சாயக் கொப்பரையில் முக்கிக் காயவைத்துப் பெட்டி முடைந்தாள். கீழக்கரை வியாபாரி வந்து வாங்கிப் போவான். அவள் விரல்நுனிகள் எப்போதும் ஊதாவும் பச்சையுமாக இருக்கும்.

நாற்பதாம் நாள் கழித்துப் பிள்ளையை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போய் ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து வந்த போட்டோவில் காலிதா பால் நிறத்தில் இருந்தாள். கன்னத்தில் ரோஸ்.

"தம்பி, இது எங்க புள்ள இல்லியே," என்றாள் மலிகா.

"ஒங்க புள்ளதான்க்கா. கம்ப்யூட்டர்ல கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கேன். எல்லாருக்கும் செய்யிறதுதான்."

"நான் கேக்கலியே."

"யாருமே கேக்க மாட்டாங்கக்கா. செய்யாமக் குடுத்தாத்தான் சண்டைக்கு வருவாங்க."

பாக்கரோடு வேலை பார்க்கும் சதக்கத்துல்லா லீவு முடிந்து போகும்போது அவன் கையில் அந்தப் போட்டோ தம்மாமுக்குப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை பாக்கர் போனில் கத்தினான்.

"ரூம்ல அத்தனை பேரும் பாத்தாச்சு. யாருடா இது, அரபிப் புள்ளயாங்குறானுக. எங்க உம்மா செவப்பு, அது கலருதான் வந்திருக்கு. கட்டிலுக்கு மேல செவுத்துல ஒட்டி வச்சிருக்கேன் மலிகா. ஏன் பேச மாட்டேங்குற?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான்."

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வெள்ளி சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. அதற்கடுத்த வெள்ளி அதைவிட. வைகாசியில் அவன் லீவு கிடைத்துவிட்டது என்றான். ஆடிக் கடைசியில் வருகிறான்.

அன்று மலிகா இரும்புப் பெட்டியைத் திறந்து கிரீம் டப்பாவை எடுத்தாள். கல்யாணமான வருஷம் பாக்கர் அனுப்பியது. பச்சை மூடி. மேலே ஒரு வெள்ளைக்காரியின் பாதி முகம். அரபி எழுத்து. எந்த ஊரில் செய்தது என்று எங்கும் இல்லை. இரண்டு டப்பா அனுப்பியிருந்தான். ஒன்று அவளுக்கு, ஒன்று அவன் லாத்தா குல்சுமுக்கு. குல்சும் தன் டப்பாவைக் கொல்லைப்பக்கம் விட்டெறிந்தாள். "இதைக் கோழிக்குப் பூசி விக்கச் சொல்லுங்க ஒங்க மவனை" என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டு ஓலை கிழிக்கப் போய்விட்டாள். மலிகா நல்ல நிறம். அவளுக்குத் தேவைப்படவில்லை. டப்பா பிரிக்காமல் கிடந்தது.

ஒரு கொண்டைக்கடலை அளவு. தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பிள்ளைக்குக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் உடம்பெல்லாம் தடவினாள். யாருக்கும் சொல்லவில்லை. வாரம் மூன்று கழித்து காலிதாவின் உள்ளங்கை சிவந்தது. பிறகு உள்ளங்கால். மலிகா அந்தக் கைகளை முத்தமிட்டாள்.

*

ஆசாரி கடையிலிருந்து வந்த அன்றே டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். குப்பையில் போட்டால் யாராவது எடுப்பார்கள். கடலில் போட்டால் ஒதுங்கும். எங்கே போட்டாலும் அது திரும்பி வந்து அவள் பெயரைச் சொல்லும் என்று பட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் பஞ்சம்மாள் தண்ணீருக்கு வந்தாள். பக்கத்துக் குப்பத்துக்காரி. தீவோரம் கடலில் முங்கிப் பாசி எடுப்பவள். அந்த வீட்டுக் கிணற்றில் மட்டும் உப்பு குறைவு. முகத்தில் கண்ணாடி போட்ட தடம் வட்டமாகப் பதிந்திருக்க, விரல்களில் சுற்றிய கந்தலை அவிழ்த்தபடியே வந்து உட்கார்ந்தாள். ஓலைப்பெட்டியிலிருந்து நாலு நண்டைக் கொட்டினாள்.

"பத்து நாளா ஆளைக் காணோம்?" என்றாள் குல்சும்.

"கடல்ல எறங்கல மதினி. மாசம் பன்னெண்டு நாளுதான் எறங்குறதுன்னு பொம்பளைக எல்லாம் கூடிப் பேசி வச்சிருக்கோம். மிச்ச நாளு அது வளர வேணாமா? அடியோட புடுங்கிட்டா அடுத்த வருசம் வெறும் பாறையைத்தான் தடவிக்கிட்டு வரணும்."

"பாசியைப் புடுங்கி என்னதான் செய்யிறானுக?"

"எடை போட வாரவன்கிட்டக் கேட்டேன். மூஞ்சியில பூசுறாகளே கிரீமு, பல்லு தேய்க்கிற பேஸ்டு, அதுகளைக் கொழகொழன்னு ஆக்குறதுக்காம்."

"அப்பக் கிரீமுக்குள்ளயே முங்கி எந்திரிக்கிற. இந்நேரம் நீ வெளுத்திருக்கணுமே?"

பஞ்சம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள். "அதைத்தான் நானும் கேட்டேன். இருவது வருசமா முங்குறேன், எனக்கு ஏன்டா ஒட்டலைன்னேன். அவன் தராசைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். டப்பா மேல எவளையோ படம் போட்டிருக்கானே, அவளா வந்து முங்குறா? எம் மூஞ்சியைப் போட்டாத்தான் என்ன? ஒருத்தனும் வாங்க மாட்டானோ?"

"பேய்க்குப் பயந்தவன் வாங்குவான், வீட்டு வாசல்ல மாட்ட."

"ஒம் மூஞ்சியையும் பக்கத்துல போடுவோம் மதினி. ரெட்டைக் காவலு."

குல்சும் சிரித்தாள். அவள் சிரிப்பது அபூர்வம். பஞ்சம்மாள் தொட்டில் பக்கம் திரும்பிக் காலிதாவின் கையைப் பிடித்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"என்ன தாயி, புள்ள கை இப்படி இருக்கு? மருதாணியா?"

"கலர் மாறுது," என்றாள் குல்சும். மலிகா வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னாள். குரலில் ஒரு பெருமை இருந்தது.

"கலர் மாறுற மாதிரி இல்லியே. வெந்த எறா மாதிரில்ல இருக்கு. தோலு உரியுது பாரு."

மலிகா குனிந்து பார்த்தாள். விரல்நுனிகளில் தோல் சன்னமாக, வெங்காயச் சருகுபோல் பிரிந்திருந்தது.

"கண்ணு ரெப்பையும் தடிச்சுக் கெடக்கு. அழுதுச்சா?"

"ரெண்டு நாளா நசநசன்னு அழுதுக்கிட்டுத்தான் இருக்கு."

"எதுக்கும் ஆஸ்பத்திரியில காட்டுங்க," என்று பஞ்சம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். நடை வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். பிறகு போனாள்.

*

நிறுத்தியாகிவிட்டது, இனி குறைந்துவிடும் என்று மலிகா நாளை எண்ணினாள். நாலாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. ஆறாம் நாள் காற்றிலே தூளி ஆடும்போதும் வியர்த்துக் கொட்டியது, தலையணை நனைந்தது. ஏழாம் நாள் காலையில் கண்ணே திறக்கவில்லை. அழுகிறதோ என்று பார்த்தால் அழவில்லை. இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கிடந்தன. மத்தியானத்துக்குமேல் கொஞ்சம் திறந்தது. தரையில் பிள்ளை பெய்த மூத்திரம் சோப்புத் தண்ணீர்போல் நுரைத்துக்கொண்டு நின்றது. மலிகா அதைத் துணியால் துடைத்தாள். நுரை துணியிலும் இருந்தது.

"கண்ணேறாத்தான் இருக்கும்," என்றார் மாமனார் வாவு முகம்மது. முப்பது வருஷம் தோணியில் இலங்கைக்கும் தூத்துக்குடிக்கும் போய் வந்தவர். இப்போது இரண்டு முழங்காலும் பிடித்துக்கொண்டதால் வீட்டோடு இருந்தார். தர்காவுக்குப் போய்த் தண்ணீர் ஓதி வாங்கிவந்தார். மருந்துக்கடையில் சளிக்கு ஒரு டானிக் கொடுத்தார்கள். இரண்டையும் புகட்டினார்கள்.

மலிகா உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கிரீமால் வந்த வீக்கம் என்றால் கிரீமை நிறுத்தியதும் வடிய வேண்டும். நிறுத்தி ஏழு நாள். எட்டு. ஒன்பது. வீக்கம் ஏறிக்கொண்டுதான் போகிறது. அப்படியானால் கிரீம் இல்லை. ஆசாரி அவருடைய அய்யா கதையைச் சொல்லிப் பயமுறுத்தினார், அவ்வளவுதான். இது வேறு ஏதோ. அல்லா கொடுத்த வேறு ஏதோ ஒன்று.

அந்தக் கணக்கு அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருப்பதாலேயே அதன்மேல் பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை பாக்கர் போன் பண்ணினான். "புள்ள என்ன பண்ணுது?"

"தூங்குது."

"குண்டாயிட்டாளாமே? வாப்பா சொன்னாக, மூஞ்சியெல்லாம் உப்பியிருக்குன்னு. நல்லதுதான். இன்னும் இருவத்தி மூணு நாளு மலிகா. ஃப்ராக்கு வாங்கியிருக்கேன், வெள்ளை. அவ கலருக்கு அதுதான் எடுக்கும்."

பதின்மூன்றாம் நாள் காலை பிள்ளையின் கால் வீங்கி மரக்கட்டைபோல் இருந்தது. பெருவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மேலே எழவில்லை. மலிகா அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயக் கொப்பரை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. குல்சும் தண்ணீரை ஊற்றி அடுப்பை அணைத்தாள்.

"வாப்பா, சட்டையைப் போடுங்க. ராம்நாட்டுக்குப் போறோம். மலிகா, நீ போயி மாத்துச்சேலை எடு. புள்ளையை நான் கெளப்புறேன்."

*

மினிபஸ்ஸில் கூட்டம். ஏர்வாடிக்கு வந்துவிட்டுத் திரும்பும் ஜனம். குல்சும் பிள்ளையை மடியில் வைத்துத் துப்பட்டியால் முகத்தை மூடியிருந்தாள். காற்று துப்பட்டியைத் தூக்கும்போதெல்லாம் மலிகா அந்த உப்பிய முகத்தைப் பார்த்தாள். வெளிறி இருந்தது. போட்டோவிலிருந்த முகம் மாதிரியே இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழி முழுக்க உடைமரமும் உப்பளமும்.

டாக்டரம்மா இளவயசுக்காரி. பிள்ளையின் கையைத் திருப்பினாள். வயிற்றை அழுத்தினாள். சின்னப் பட்டையைக் கையில் சுற்றி பிரஷர் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். மூத்திரம் பிடித்துக்கொடுக்கச் சொன்னாள். முக்கால் மணி கழித்து மூவரையும் கூப்பிட்டாள்.

"மூத்திரத்துல புரோட்டீன் அவ்வளவும் வெளிய போகுது. கிட்னி கெட்டுருக்கு. பிரஷர் பெரியவங்களுக்கு வர்ற அளவு இருக்கு. ஒம்பது மாசக் குழந்தைக்கு இப்படி வராது. ஏதோ உள்ள போயிருக்கு. என்ன குடுத்தீங்க?"

"தாய்ப்பாலு, இட்லி, கஞ்சி," என்றாள் மலிகா.

"மருந்து?"

"கடையில ஒரு டானிக்கு. அப்பறம் தர்காத் தண்ணி," என்றார் வாவு முகம்மது.

"தண்ணியால இது வராது பெரியவரே. நாட்டு மருந்து, செந்தூரம், வேர், அந்த மாதிரி?"

"இல்ல."

"பூசுறதுக்கு?"

மேலே மின்விசிறி கடகடத்தது.

"தேங்காண்ணெய்," என்றாள் மலிகா.

"பவுடரு," என்றாள் குல்சும்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "என்னன்னு தெரிஞ்சா அதுக்குரிய மருந்து குடுப்பேன். தெரியாமக் குடுத்தா இருக்கிற கிட்னியும் போயிரும். மிரட்டுறதுக்காகச் சொல்லல. யோசிச்சு வச்சிருங்க, வார்டுல இன்னொரு குழந்தையைப் பாத்துட்டு வாரேன்."

வராந்தாவில் வெயில் பாதி தூரம் வந்து கிடந்தது. வாவு முகம்மது தூணில் சாய்ந்து கண்ணை மூடி உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம். சொன்னால் மாமா கேட்பார். பாக்கர் கேட்பான். தாயே பிள்ளைக்கு விஷம் தேய்த்தாள் என்று கடைத்தெரு பேசும். ஆனால் நிறுத்திப் பதின்மூன்று நாள் ஆயிற்றே. அது இல்லையே. இல்லாத ஒன்றைச் சொல்லி டாக்டர் தப்பான மருந்தைக் கொடுத்துவிட்டால்?

பிள்ளை முனகியது. குல்சும் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். தட்டுகிற கை வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவில் ஏறி இறங்கியது. விரல்நுனியில் ஊதா, பச்சை. மோதிர விரலில் அவள் உம்மா விட்டுப்போன மெல்லிய தங்க வளையம்.

அது வெள்ளையாக இருந்தது.

மலிகா எழுந்து கிட்டே போனாள். குல்சுமின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மதினி. மோதிரத்துக்கு என்னாச்சு?"

"சாயத்துல பட்டிருக்கும்."

"இருவது வருசமாச் சாயம் போடுறீங்க. இப்பத்தான் பட்டுச்சா?"

குல்சும் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். மலிகா விடவில்லை.

"அந்த டப்பாவை எறிஞ்சீகளா, இல்லியா?"

குல்சும் தரையைப் பார்த்தாள். "எறிஞ்சேன். மக்யா நாளு போயி எடுத்துட்டு வந்தேன். எனக்குன்னு எடுக்கல. ஏன் எடுத்தேன்னு தெரியல."

"புள்ளைக்கு எப்பப் பூசுனீங்க?"

"நீ குளிப்பாட்டிப் படுக்க வச்சுட்டுத் துணி அலசப் போவீல்ல. அப்ப."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம் மேல. கை செவந்துச்சுல்ல, அது அதாலதான்னு நெனச்சுக்கிட்டு..." குல்சும் பிள்ளையைத் தோளில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். "ஏழு பேரு மலிகா. அவ என் காதோட பொறந்துட்டா. ஒங்கிட்டச் சொன்னா, நீ பெத்தவ, எம் புள்ளையைக் கறுப்புன்னு சொல்லிட்டியான்னு கேப்பியே. அதான் சொல்லல."

"கடைசியா எப்ப?"

"இன்னிக்குக் காலையில."

"இன்னிக்கா?"

"ராம்நாட்டுக்குப் போறோமே. டாக்டரம்மா பாப்பாகளே. கறுப்புப் புள்ளன்னா ஏனோதானோன்னு பாத்துருவாகளோன்னு."

மலிகா கையை ஓங்கினாள். அது எங்கே போய் விழுவது என்று தெரியாமல் காற்றிலே நின்றது. பதின்மூன்று நாளாக அவள் போட்டுவைத்திருந்த கணக்கு முழுதும் கண் முன்னால் சரிந்தது. அவள் நிறுத்திய ஒவ்வொரு நாளும் பிள்ளைக்குப் பூசப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் இரண்டு முறை.

"நானும் பூசினேன் மதினி," என்றாள்.

குல்சும் நிமிர்ந்தாள். புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் ஆடிப்போனாள். பிள்ளையோடு சேர்த்து மலிகா அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டப்பா எங்கன?"

"பையில."

*

டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். லேபிளை இரண்டு பக்கமும் திருப்பினாள். மலிகா முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் மோதிரத்தை மேஜையில் வைத்தாள். அது மஞ்சள். பக்கத்தில் குல்சுமின் வளையம், வெள்ளை.

"இது ஆசாரி சுட்டது. அவரு பாதரசம்னு சொன்னாரு. நான் அப்பவே வந்திருக்கணும்."

"யார் பூசுனது?"

"நான்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"ரெண்டு வேளை."

"எத்தனை நாள்?"

"நாப்பது நாளுக்கு மேல."

"கடைசியா?"

"இன்னிக்குக் காலையில."

டாக்டர் எழுதினாள். வாசலில் நின்ற வாவு முகம்மது கையிலிருந்த குடையை நழுவவிட்டார்.

"ரெண்டு வேளையா? அடிப் பாவி மவளே. நீ தாயா?"

"வாப்பா," என்றாள் குல்சும். "ஒரு வேளைதான் அவ. பதிமூணு நாளா அதுவும் இல்ல. மத்ததெல்லாம் நான்."

வாவு முகம்மது மகளைப் பார்த்தார். பிறகு மருமகளை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் குடையை எடுக்கக் குனிந்தவர் முழங்கால் மடங்காமல் பாதியிலேயே நின்றார். மலிகா எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"சண்டையை வீட்டுல போட்டுக்கங்க," என்றாள் டாக்டர். "மதுரைக்குப் போகணும், இப்பவே. வண்டி சொல்றேன். இதை உடம்புலேருந்து வெளிய எடுக்க அங்க மருந்து இருக்கு. நல்லாயிரும்னு கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன். ஆனா என்னன்னு தெரிஞ்சுபோச்சு, அது பெரிய விஷயம். மொதல்ல சோப்புப் போட்டுக் குழந்தையை அலசுங்க. நீங்க ரெண்டு பேரும் கையைக் கழுவுங்க. ஒங்க ரெண்டு பேருக்கும் மூத்திரம் பாக்கணும். பூசுன கை வழியாவும் ஏறும்."

"நெறம்?" என்றார் வாவு முகம்மது மெல்ல. "பழைய கறுப்பு வந்துருமா டாக்டரம்மா?"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கறுப்பு வேண்டும் என்று அந்த அறையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"வரும். மாசக்கணக்காகும்."

வார்டுக்குப் பின்னால் குழாயடியில் மலிகா பிள்ளையைக் கவிழ்த்துப் பிடிக்க, குல்சும் சோப்புப் போட்டாள். அழக்கூடத் தெம்பில்லாமல் காலிதா வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். தண்ணீர் வெளுப்பாக ஓடியது. சோப்புதான். ஆனாலும் இருவரும் அது தெளிவாகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

வாவு முகம்மதுவின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை இல்லை. யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும். அடிக்கிற போனைத் தன் கையில் வைத்திருக்கப் பயந்தவர்போல் மலிகாவிடம் நீட்டினார். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"மலிகா, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீகளாமே? புள்ளைக்கு என்ன?"

"மச்சான், நீங்க அனுப்புன கிரீமைப் புள்ளைக்குப் பூசிட்டேன். கிட்னி கெட்டுப்போச்சு. மதுரைக்குக் கொண்டுபோறோம்."

"புள்ளைக்கா? அது செவத்த புள்ளைதானே, அதுக்கு எதுக்கு?"

"கறுப்பு மச்சான். பொறந்ததுலேருந்து கறுப்பு. போட்டோ பொய்."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு எந்திரம் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் இல்லை. லைன் போயிற்றா, அவன் வைத்துவிட்டானா, தெரியவில்லை.

வண்டி வந்துவிட்டதாக யாரோ கூப்பிட்டார்கள். மலிகா பிள்ளையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டாள். வீங்கி வெளிறிய அந்த முகத்தில் எதை வைத்துத் தன் பிள்ளையை அடையாளம் கண்டுகொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் பார்வையைப் பார்த்துவிட்டு, குல்சும் கிட்டே வந்து ஈரத் தலைமுடியை ஒதுக்கினாள். பிறந்த அன்றைக்கு மடக்கிய அதே இடது காதை மெதுவாக மடக்கினாள்.

மடலின் மேல்விளிம்பிலும் அதன் பின்பக்கத்திலும் ஒரு புளியங்கொட்டை அகலத்துக்குத் தோல் கறுப்பாக இருந்தது. பளபளவென்று இருந்தது.

"இங்கன நான் பூசல," என்றாள் குல்சும்.

"நானும் பூசல."

குல்சும் அந்த இடத்தை வெயில் படாமல் உள்ளங்கையால் மூடினாள். பிறகு, கிரீம் பூசிய கை அது என்று நினைத்து, எடுத்துவிட்டாள்.